கேம்ல இருக்கற இந்தியா நிஜ இந்தியா மாதிரி நடந்துக்கணும்னா என்ன பண்ணணும்

நீங்க கேட்டது இதுதானே, ஆட்சி நடத்தற கம்ப்யூட்டர் கேமான டெமாக்ரசி 4-ல இந்தியாவுக்கு ஒரு மோட் (நாமளே எழுதிச் சேர்க்கற மாற்றம்) பண்ணிட்டிருக்கீங்க, மக்கள்தொகை, ஜிடிபி, வரி, பட்ஜெட் எல்லாம் உண்மையான நம்பர் போட்டாச்சு, ஆனா ஆடிப் பார்த்தா ஐரோப்பாவுல ஏதோ ஒரு நாட்டுக்கு நம்ம கொடியை குத்தி வெச்ச மாதிரி இருக்கு, எங்க தப்புன்னு புரியலன்னு. நானும் இதே இடத்துல ரொம்ப மாசம் நின்னிருக்கேன், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

நம்பர்ல தப்பு இல்லைங்க. இந்த மாதிரி கேம் எல்லாத்துலயும் பாலிசியோட அளவை ஏத்தி இறக்கற ஸ்லைடரை நகர்த்தினா வேலை முடிஞ்சுது, பிரதமர் நினைச்சார், நாலு டர்ன்ல (ஆட்டச் சுற்றுல) விளைவு வந்துடும். நம்ம ஊர்ல சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும். டெல்லியில மதகைத் திறக்கறதுக்கும் கடைமடை வயலுக்குத் தண்ணி வர்றதுக்கும் நடுவுல எத்தனை மடை, எத்தனை உடைப்பு, எத்தனை பேர் வெட்டி வேற பக்கம் திருப்பறாங்க, அந்த நடுப்பகுதிதான் உங்க மோட்ல இல்லாம இருக்கு. ஒவ்வொரு பாலிசிக்கும் நான் இப்ப கேட்டுக்கற கேள்வி, இது யார் கையில இருக்கு, எத்தனை நாள் ஆகும், எவ்ளோ போய்ச் சேரும், குடுத்ததைத் திரும்ப எடுத்தா என்ன ஆகும், இவ்ளோதான்.

முதல்ல யார் கையிலங்கறது. எது மத்திய அரசு கையில, எது மாநிலத்து கையிலன்னு பிரிச்சு வெச்சிருக்கற, அரசியலமைப்பு சட்டத்தோட ஏழாவது அட்டவணையை பக்கத்துல வெச்சுக்கிட்டு உங்க பாலிசி பட்டியலைப் பாருங்க. போலீஸ், பொது சுகாதாரம், விவசாயம், நிலம் எல்லாம் மாநிலப் பட்டியல். கல்வி 1976-ல 42-வது திருத்தத்துல ரெண்டு அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போச்சு. அரசாங்கங்கள் மொத்தமா செலவு பண்றதுல கிட்டத்தட்ட 60 சதவீதம் மாநிலங்கள் பண்றது. அப்ப பிரதமரா ஆடறவருக்கு 'போலீஸ் எண்ணிக்கை'ன்னு ஒரு ஸ்லைடர் குடுத்தா அது இந்தியாவே இல்ல. அந்த ஸ்லைடர்களை எடுத்துட்டு அந்த இடத்துல 'மத்திய நிதியுதவித் திட்டம்'னு ஒண்ணு வைங்க, அது மாநிலத்தோட விருப்பத்தால பெருக்கப்படற மாதிரி, அதாவது மத்திய அரசு 1 போட்டாலும் எதிர்க்கட்சி ஆளற மாநிலத்துல 0.5-தான் வரும், சில திட்டத்துல 0-வே வரும்.

ஜிஎஸ்டி இதுக்கு அருமையான உதாரணம், நிறைய பேர் இதை சாதாரண விற்பனை வரி ஸ்லைடராவே விட்டுடறாங்க. 2017 ஜூலை 1-க்கு அப்புறம் அந்த வரியை நிதியமைச்சர் தனியா மாத்தறது இல்ல, மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்து உக்கார்ற ஜிஎஸ்டி கவுன்சில் வழியாதான் வரணும். கவுன்சில்ல மத்திய அரசோட ஓட்டுக்கு மூணுல ஒரு பங்கு எடை, எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து மூணுல ரெண்டு பங்கு, தீர்மானம் நிறைவேற நாலுல மூணு பங்கு வேணும். கணக்கு போட்டுப் பாருங்க, எல்லா மாநிலமும் ஒண்ணா நின்னாலும் மத்திய அரசு இல்லாம எதுவும் நடக்காது, மத்திய அரசுக்கோ எல்லாரும் வந்து ஓட்டு போட்டா 31-ல 20 பேர் கூட நிக்கணும், இதுல சிக்கிமுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே எடை. 2022-ல சுப்ரீம் கோர்ட் கவுன்சிலோட பரிந்துரை கட்டாயம் இல்லன்னு சொல்லிடுச்சு, ஆனாலும் நடைமுறையில அதை ஒட்டித்தான் போகுது. பெட்ரோல், டீசல், சாராயம் இன்னும் வெளியிலதான், ஏன்னா மாநிலங்கள் கையில மிச்சம் இருக்கற பெரிய வருமானம் அது. அதனால கேம்ல ஜிஎஸ்டி ஸ்லைடரை நகர்த்த பொலிடிக்கல் கேபிடல் (பாலிசியை மாத்த கேம்ல செலவு பண்ற அரசியல் புள்ளி) மட்டும் போதாது, 'ஆதரவு மாநிலங்கள்'னு ஒரு வேரியபிள் குறைஞ்சது 20 இருக்கணும்னு பூட்டு போடுங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 5, 18-னு ரெண்டு முக்கிய அடுக்கும் மேல 40-ம் ஆனதை மறக்காம டேட்டாவுல மாத்திடுங்க, பழைய 12-ம் 28-ம் நிறைய மோட்ல அப்படியே கிடக்கு.

அடுத்து பட்ஜெட். 2025-26 மத்திய பட்ஜெட்ல மொத்த செலவு 50.65 லட்சம் கோடி, அதுல வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி, நாலுல ஒரு பங்கு. பாதுகாப்பு 6.81 லட்சம் கோடி. இதுக்கு மேல சம்பளம், பென்ஷன், மானியம்னு கழிச்சுட்டா ஒரு புது பிரதமர் வந்து நிஜமா நகர்த்தக்கூடிய பணம் ரொம்பக் கம்மி. கேம்ல ஆடறவர் முதல் டர்ன்லயே பத்து ஸ்லைடரை சர்ருன்னு இழுக்க முடியுதுன்னா அங்கயே உண்மை போச்சு, ஒரு டர்ன்ல ஒரு ஸ்லைடர் இத்தனை சதவீதத்துக்கு மேல நகரக்கூடாதுன்னு வரம்பு வைங்க.

வருமான வரியும் அப்படித்தான், மேலை நாட்டு கேம்ல வருமான வரியைக் கூட்டினா நடுத்தர மக்கள் எல்லாரும் கோபப்படுவாங்க. இங்க 2025-26-ல இருந்து புது முறையில 12 லட்சம் வரைக்கும் சாதாரண வருமானத்துக்கு வரியே கட்ட வேண்டாம், வரி நிஜமா கட்டறவங்க மக்கள்தொகையில ஒரு சின்னத் துண்டு. அந்தத் துண்டு சத்தமா பேசும், டிவியில வரும், ஆனா தொகுதியில எண்ணிக்கை இல்ல. அதனால கோபத்தை ரெண்டா பிரிங்க, ஒண்ணு ஓட்டு, இன்னொண்ணு ஊடக அழுத்தம். சாதாரண ஜனங்க கட்டற வரி சோப்புலயும் பெட்ரோல்லயும் இருக்கு, அது கண்ணுக்குத் தெரியாது, விலைவாசியாத்தான் தெரியும்.

வேலையின்மையையும் இந்த இடத்துலயே சொல்லிடறேன். 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்புல வேலையின்மை 3.2 சதவீதம். அதை அப்படியே கேம்ல போட்டீங்கன்னா இந்தியா சொர்க்கம் ஆயிடும். நம்ம ஊர்ல வேலை இல்லாம உக்கார வசதி வேணுங்க, ஏழை சும்மா இருக்க முடியாது, கிடைச்ச கூலிக்குப் போவான். அதே கணக்குல விவசாயத்துல 46 சதவீதம் பேர், ஆனா நாட்டு உற்பத்தியில விவசாயத்தோட பங்கு ஐந்துல ஒண்ணுகூட வராது. அந்த இடைவெளிதான் உண்மையான வேலைப் பிரச்சனை. 'வேலையின்மை'யை எடுத்துட்டு 'முறைசாரா வேலை'ன்னு ஒரு வேரியபிள் வைங்க, குறைந்தபட்ச கூலி, தொழிற்சங்கம் மாதிரி பாலிசி எல்லாம் ஒண்ணுல அதைக் கழிச்சா வர்ற மிச்சத்தால (0.9-னா 0.1-ஆல) பெருக்குங்க. சட்டம் போட்டா பத்துல ஒருத்தர்கிட்டதான் முழுசா போய்ச் சேருதுங்கறது அப்பத்தான் தெரியும்.

இப்ப எவ்ளோ போய்ச் சேருதுங்கறதுக்கு வர்றேன், எனக்கு ரொம்ப முக்கியமாப் படற இடம் இது. ரேஷனை எடுத்துக்குவோம். 2013 உணவுப் பாதுகாப்பு சட்டம் கிராமத்துல 75 சதவீதம், நகரத்துல 50 சதவீதம் பேருக்குன்னு சொல்லுது, இன்னிக்கு சுமார் 81 கோடி பேர். ஆனா குடோன்ல இருந்து கிளம்பின தானியம் எவ்ளோ வீட்டு அடுப்புக்கு வந்துச்சுன்னு பொருளாதார அறிஞர்கள் ஜான் ட்ரீஸும் ரீத்திகா கேராவும் கணக்கு பார்த்தப்ப, 2004-05-ல 54 சதவீதம் வழியிலயே காணாமப் போயிருக்கு, 2011-12-ல அது சுமார் 42 ஆச்சு. இதுல பீகாரை மட்டும் தனியாப் பாருங்க, 90 சதவீதத்துக்கு மேல கசிஞ்சுக்கிட்டிருந்தது அந்த ஏழு வருஷத்துல சுமார் 24 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு. அதே நாடு, அதே அரிசி, நிர்வாகம் மாறினதுல வந்த வித்தியாசம். சத்தீஸ்கர்ல 2004-ல ரேஷன் கடைகளை தனியார் கையில இருந்து எடுத்து பஞ்சாயத்து, கூட்டுறவு சங்கம், மகளிர் குழுன்னு குடுத்தாங்க, அங்கயும் நிலைமை மாறிச்சு.

கேம்ல இதை எப்படி எழுதறது? நான் பண்றது, 'நிர்வாகத் திறன்'னு மறைவா ஒரு வேரியபிள், 0-ல இருந்து 1 வரைக்கும், மாநிலத்துக்கு மாநிலம் வேற. எந்த நலத்திட்டத்தோட விளைவும் அதோட பெருக்கித்தான் மக்களுக்குப் போகும், ஆனா செலவு முழுசா கஜானாவுல இருந்து போயிடும். ஆடறவருக்கு அது ரொம்ப வலிக்கும், 100 ரூபா போட்டு 58 ரூபா விளைவு வரும்போது அவர் என்ன பண்ணுவார், இன்னும் பணம் போடுவார், அப்பவும் அதே விகிதம்தான். திறனை ஏத்த தனி பாலிசி வேணும், கணினிமயம், கடையை யார் நடத்தறாங்க, புகார் முறை, ஊழியர் காலியிடம் நிரப்பறது, இதெல்லாம் ஓட்டு தராத, கட்அவுட் வைக்க முடியாத செலவு, பலன் வர எட்டு பத்து டர்ன் ஆகும். அந்த இழுபறியை ஆடறவர் உணர்ந்தாலே பாதி இந்தியா வந்தாச்சு.

தமிழ்நாட்டை இதுல விட்டுடாதீங்க. இங்க ரேஷன் எல்லாருக்கும், ஏழைன்னு நிரூபிக்க வேண்டியதில்ல. சிக்கனம் பாக்கறவங்க இது வீண்செலவும்பாங்க, கேமும் அப்படித்தான் கணக்கு போடும், குறிவெச்சுக் குடுத்தா செலவு கம்மி, விளைவு அதேன்னு. ஆனா வாத்தியார் வீட்டம்மாவும் கூலிக்காரம்மாவும் ஒரே வரிசையில நிக்கும்போது அரிசியில கல்லு இருந்தா கேள்வி கேக்க ஆள் இருக்கு, கடைக்காரர் பயப்படுவார். பட்டியல் போட்டு ஏழையைப் பிரிச்சா, பட்டியல்ல பேரைச் சேர்க்கறவர் கைக்கு அதிகாரம் போயிடும், உண்மையான ஏழை வெளியில நிப்பான். அதனால ஈக்வேஷன்ல பரவல், அதாவது எத்தனை பேருக்குக் குடுக்கறோங்கறது, கூடக்கூட கசிவு குறையற மாதிரி எழுதுங்க. நிறைய மோட்ல இது நேர் தலைகீழா இருக்கு, எனக்கு அதைப் பாக்கும்போதெல்லாம் மனசு ஆறாது, ஏன்னா கேம் ஆடற பையன் ஒருத்தன் 'எல்லாருக்கும் குடுக்கறது முட்டாள்தனம்'னு கத்துக்கிட்டுப் போயிடுவான்.

நாள் கணக்கு. கேம்ல ஒரு டர்ன் மூணு மாசம், சட்டம் போட்டா சில டர்ன்ல அமல். நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புல ஒண்ணு 2019-லயும் மத்த மூணு 2020 செப்டம்பர்லயும் பாராளுமன்றத்துல நிறைவேறிச்சு, அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21. இருபது டர்ன், ஒரு முழு ஆட்சிக்காலம், சட்டப் புத்தகத்துல இருக்கு ஆனா தரையில இல்ல. குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பர், அதுக்கு விதிகள் வந்தது 2024 மார்ச். பெண்கள் இடஒதுக்கீடு 2023 செப்டம்பர்ல நிறைவேறினப்ப, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி வரையறையும் முடிஞ்சாத்தான்னு சட்டத்துலயே எழுதி வெச்சிருந்தாங்க. பாருங்க, இந்த மூணுலயும் அரசியல் விளைவு அறிவிச்ச அன்னிக்கே வந்துடுச்சு, சந்தோஷமோ போராட்டமோ உடனே, ஆனா நிர்வாக விளைவு வருஷக்கணக்கா தள்ளி. உங்க மோட்ல ஒரே பாலிசிக்கு ரெண்டு இனர்ஷியா (விளைவு முழுசா வர எத்தனை டர்ன் ஆகும்ங்கற எண்) போடுங்க, ஓட்டர் மனசுக்கு 1, பொருளாதாரத்துக்கு 12-ஓ 20-ஓ. இந்த ஒரே மாத்தம் கேமோட ருசியையே மாத்திடும், ஏன்னா அப்பதான் ஆடறவருக்கு அறிவிச்சுட்டு விட்டுடலாமேங்கற ஆசை வரும்.

ரொம்ப நீள இனர்ஷியாவை ஒரே கோட்டுல எழுத முயற்சி பண்ணாதீங்க, நான் பண்ணி கேம் ஸ்தம்பிச்சுப் போச்சு. 1982-ல எம்ஜிஆர் சத்துணவை விரிவாக்கினப்ப சாப்பிட்ட குழந்தை 2000-ல வேலைக்குப் போகும், அது 72 டர்ன். நடுவுல வேரியபிள் வைங்க, சத்துணவு பள்ளி வருகையைக் கூட்டும், பள்ளி வருகை படிச்ச பெண்கள் எண்ணிக்கையைக் கூட்டும், அது பிறப்பு விகிதத்தைக் குறைக்கும், வேலைத் திறனைக் கூட்டும். 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை, பீகார்ல 3.0, இந்தியா சராசரி 2.0. அந்த 2.0-ஐ மட்டும் போட்டா ரெண்டு மாநிலமும் உங்க கேம்ல இருக்காது.

குடுத்ததைத் திரும்ப எடுக்கறது. கேம்ல ஈக்வேஷன் ரெண்டு பக்கமும் சமமா இருக்கும், ஸ்லைடரை ஏத்தினா பத்து மதிப்பு கூடும், இறக்கினா பத்து குறையும். நிஜத்துல அப்படி இல்லவே இல்ல. 2003-ல ஜெயலலிதா அரசு விவசாயத்துக்கு இலவச மின்சாரத்தை நிறுத்துச்சு, அதே வருஷம் வேலைநிறுத்தம் பண்ணின ஒன்றரை லட்சத்துக்கும் மேல அரசு ஊழியர்களை ஒரே வீச்சுல வேலைநீக்கம் பண்ணுச்சு. பொருளாதாரப் பாடப்புத்தகம் பார்த்தா கஜானாவுக்கு நல்லது. 2004 மக்களவைத் தேர்தல்ல தமிழ்நாட்டுல 39-க்கு 39-ம் போச்சு, தோத்த கையோட மே மாசமே இலவச மின்சாரம் திரும்ப வந்துடுச்சு. எதிரணிக் கூட்டணி பலமும் அதுல பெரிய காரணம், அதை மறுக்கல, ஆனா இருபது வருஷமா அதுக்கப்புறம் எந்தக் கட்சியும் அந்தப் பக்கம் கை வைக்கல. நான் என் மோட்ல குடுக்கும்போது 1, எடுக்கும்போது 3-னு வெச்சிருக்கேன், அது என் அனுபவத்துல சரியா உக்காந்த நம்பர், நீங்க மாத்திப் பாருங்க. இதோட இன்னொரு பக்கத்தையும் எழுதணும், இலவச மின்சாரம் நிலத்தடி நீரை இழுக்குது, மின்வாரியக் கடனை ஏத்துது, அந்தச் சேதம் மெதுவா, யாரும் ஓட்டு போடற அளவுக்குக் கண்ணுல படாம ஏறணும். ஆடறவர் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கணும்.

பெட்ரோல் விலையில ஒரு நுணுக்கம் சொல்றேன். காகிதத்துல 2010-ல பெட்ரோலும் 2014-ல டீசலும் அரசு கட்டுப்பாட்டுல இருந்து விடுவிச்சாச்சு. ஆனா 2021 நவம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும், உத்தரப் பிரதேசம் உள்பட அஞ்சு மாநிலத் தேர்தல் நடந்த சமயம், 137 நாள் விலை அசையவே இல்ல, தேர்தல் முடிஞ்சதும் ஏற ஆரம்பிச்சுது. அப்ப 'விலைக் கட்டுப்பாடு' ஸ்லைடர் 0-ல இருந்தாலும் தேர்தலுக்கு ரெண்டு டர்ன் முன்னாடி தானா உறையற மாதிரி ஒரு விதி வேணும்.

ஓட்டர் குழுக்கள். லிபரல், கன்சர்வேடிவ், சோஷலிஸ்ட்னு பிரிச்சு வெச்சா நம்ம ஊர்ல யாருமே அந்தக் கட்டத்துக்குள்ள உக்காரமாட்டாங்க. மாநிலம், ஜாதி, மொழி, தொழில், ஆணா பெண்ணா, இதெல்லாம் ஒரே ஆள்மேல அடுக்கடுக்கா இருக்கு. தயவுசெஞ்சு ஒரு ஜாதிக்கு ஒரு பாலிசி பிடிக்கும்னு நேரா எழுதிடாதீங்க, அது தப்பு மட்டும் இல்ல, ஆபத்தும்கூட. நான் 'பிரதிநிதித்துவம்'னு ஒரு அளவு வெச்சேன், சீட்டு யாருக்குக் கிடைச்சுது, மந்திரி யாரு, இடஒதுக்கீட்டுல பங்கு எவ்ளோ, அது குறைஞ்சா எந்தக் குழுவும் விலகும். இடஒதுக்கீடும் ஒரே ஸ்லைடர் இல்ல. 1992 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல 50 சதவீத உச்சவரம்பு, தமிழ்நாட்டுல 1994 சட்டப்படி 69 சதவீதம், அது கோர்ட்ல சுலபமா எதிர்க்க முடியாத ஒன்பதாவது அட்டவணைக்குள்ள, 2019-ல பொருளாதாரத்துல நலிஞ்ச பிரிவுக்கு 10 சதவீதம், அதை 2022-ல சுப்ரீம் கோர்ட் மூணுக்கு ரெண்டுன்னு ஏத்துக்கிச்சு. கோர்ட்டை ஒரு ஆட்டக்காரராவே வைங்க, பெரிய பாலிசி ஒவ்வொண்ணுக்கும் தடை விழற வாய்ப்பு இருக்கணும்.

தேர்தல் கணக்கை நாட்டு மொத்த ஆதரவுல ஓட்டவே கூடாது. பாஜக 2014-ல 31 சதவீதம் ஓட்டுக்கு 282 இடம், 2019-ல 37.4-க்கு 303, 2024-ல 36.6-க்கு 240. ஒரு சதவீதம்கூட குறையல, 63 இடம் போச்சு. ஓட்டு எங்க விழுது, எதிரணி சிதறி நிக்குதா சேர்ந்து நிக்குதா, அதான் முடிவு பண்ணுது. 543 தொகுதியும் முடியலன்னா மாநில வாரியாவாவது பிரிச்சு, 'எதிரணி ஒற்றுமை'ன்னு மாநிலத்துக்கு ஒரு நம்பர் வைங்க. ராஜ்யசபாவையும் தனியா வைங்க, 2014-ல அறுதிப் பெரும்பான்மையோட வந்த அரசு நிலம் கையகப்படுத்தும் அவசரச் சட்டத்தை மூணு தடவை போட்டும் அங்க பலம் இல்லாம 2015 ஆகஸ்ட்ல காலாவதியாக விட்டுச்சு. 2020 விவசாயச் சட்டங்கள் இன்னொரு மாதிரி, ரெண்டு சபையும் தாண்டிடுச்சு, ஆனா டெல்லியோட சிங்கு, டிக்ரி, காசிப்பூர் எல்லையில ஒரு வருஷத்துக்கு மேல உக்காந்த விவசாயிங்க முன்னாடி 2021 நவம்பர்ல திரும்பப் போச்சு. தெரு ஒரு மூணாவது சபை மாதிரி, அதுக்கும் கேம்ல இடம் குடுங்க.

எல்லாம் போட்ட பிறகு சரியா இருக்கான்னு பாக்க நான் பண்ற சோதனை பணமதிப்பிழப்பு. 2016-ல ஆட்டத்தை ஆரம்பிங்க, நவம்பர் 8-ல புழக்கத்துல இருந்த பணத்தோட மதிப்புல 86 சதவீதம் செல்லாதுன்னு ஒரு நிகழ்வு ஓட்டுங்க. சாதாரண மோட் என்ன சொல்லும், சிறு வியாபாரம் விழும், ஜனங்க ஏடிஎம் வாசல்ல நிப்பாங்க, ஆதரவு சரியும், அடுத்த தேர்தல் காலி. நிஜத்துல நாலே மாசத்துல உத்தரப் பிரதேசத்துல பாஜக 403-ல 312 ஜெயிச்சுது. பின்னாடி ரிசர்வ் வங்கிக் கணக்குல 99.3 சதவீதம் நோட்டு திரும்பி வந்தாச்சுன்னு தெரிஞ்சப்பவும் அடுத்த பொதுத் தேர்தல்ல பெரிசா அடி விழல. எனக்குத் தெரிஞ்சு இதுக்குக் காரணம், கஷ்டப்பட்டவங்க பணக்காரனுக்கு இதைவிட அதிகமா வலிக்குதுன்னு நம்பினாங்க. அதனால 'நோக்கத்து மேல நம்பிக்கை'ன்னு ஒரு வேரியபிள் வேணும், அது உசரத்துல இருக்கறவரைக்கும் பொருளாதார வலி ஓட்டா மாற நேரம் எடுக்கும். வெங்காயத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, 1998-ல டெல்லி அரசே அந்த விலையோட சேர்ந்து போச்சு. ரெண்டு நிகழ்வும் ஒரே மோட்ல நிஜத்துல நடந்த மாதிரி முடிஞ்சா உங்க ஈக்வேஷன் உருப்படியா இருக்குன்னு அர்த்தம்.

மொத்தத்தையும் ஒரே தடவையில மாத்தாதீங்க, எது எதைக் கெடுத்துச்சுன்னே தெரியாமப் போயிடும். ரேஷனை மட்டும் எடுத்து, நிர்வாகத் திறனும் பரவலும் சேர்த்து எழுதி, 2004-ல இருந்து 2012 வரைக்கும் ஓட்டி பீகார் எண் இறங்குதான்னு பாருங்க. இறங்கினா அந்த ஃபைலை எடுத்து வெச்சுட்டு ஜிஎஸ்டிக்குப் போங்க, இறங்கலன்னா ஈக்வேஷனை இங்க அப்படியே போடுங்க, உக்காந்து பாத்து சொல்றேன்.